மாண்ட்ரியலில் ஒரு கல்லறை வரி

மாண்ட்ரியல் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"கவிதை பற்றிப் பேச."

"என்ன கவிதை?"

"எபிரேய பக்திக் கவிதை. கடவுளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று கவிஞனே சொல்கிற கவிதைகள்."

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு, நெற்றியில் பொட்டில்லை, கையில் கனத்த பை. "அதைச் சொல்ல இந்தியாவிலிருந்து வரவேண்டுமா?" என்று சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். ஆறு நாள் தங்க அனுமதி கேட்டிருந்தேன். ஆறு மாதம் கொடுத்தார்.

அது 2006, மே மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல். மதுரையில் அப்போது அக்கினி நட்சத்திரம். இங்கே வெளியே வந்ததும் காது மடல் விறைத்தது.

என்னை அழைத்துப்போக வந்தவர் நேசன். என்னோடு கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியின் தங்கை கௌரியின் கணவர். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். கௌரி ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறார். பல்கலைக்கழகம் ஓட்டல் அறை தருவதாகச் சொல்லியிருந்தது. கௌரி விடவில்லை.

"வாங்கோ ரீச்சர். பயணம் எப்பிடி? இஞ்சை மே மாசம் எண்டாலும் உந்தக் கோட்டு காணாது," என்றார் நேசன். பின் இருக்கையிலிருந்து தன் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

விமான நிலையத்திலிருந்து அவர்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸுக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் ஒரே உயரத்து வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கார். மரங்களில் இலை இப்போதுதான் நகம் அளவுக்கு வந்திருந்தது. நடந்து போகிற ஒரு மனிதரைக்கூட நான் பார்க்கவில்லை. இங்கே பாலுக்குக்கூடக் காரில்தான் போகவேண்டும் என்றார் நேசன். மூலைக்கு ஒரு டெப்பனர், அதாவது சின்ன மளிகைக் கடை, இருக்கிறதாம், ஆனால் அந்த மூலை தூரமாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ரொக்ஸ்பரோ நிலையத்தில் புறநகர் ரயிலைப் பிடித்தேன். முப்பத்தைந்து நிமிடப் பயணம். கடைசியில் ரயில் மலைக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்து, நகரத்தின் நடுவில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் யாரோடும் பேசவில்லை. நான் என் கட்டுரையை ஒருமுறை வாசித்துக்கொண்டேன். நல்ல கட்டுரை. இதைத் தன்னடக்கம் இல்லாமல்தான் சொல்கிறேன். மதுரையில் ஓர் இறையியல் கல்லூரியில் எழுத்துக்கூட்டி எபிரேயம் படிக்க ஆரம்பித்து, பதினெட்டு வருடம் அந்த மொழியோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

கட்டுரையின் வாதம் எளிமையானது. நம் காப்பியப் புலவர்கள் நூலைத் தொடங்கும்போது அவையடக்கம் பாடுவார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, என் பாட்டைப் பொறுத்தருளுங்கள் என்பார்கள். அதைச் சொல்லிவிட்டு ஆயிரக்கணக்கில் அப்பழுக்கில்லாத விருத்தங்களைக் கொட்டுவார்கள். எபிரேய பக்திக் கவிஞர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்றேன். நான் மூடன், நான் விலங்கு, உன்னை அறியேன் என்று அவர்கள் புலம்புவது ஒரு கலை மரபு. அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தன் அறியாமையை இத்தனை அழகாகப் பாடத் தெரிந்தவன் அறியாதவனாக இருக்க முடியாது.

பல்கலைக்கழக அரங்கில் கைதட்டினார்கள். கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் சொன்னேன். காபி நேரத்தில் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அறுபது வயது இருக்கும். குட்டையான நரைமுடி, சிவப்புச் சட்டகம் போட்ட கண்ணாடி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பெயர் சொலாஞ்ச் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பேராசிரியர்கள் கூட்டம் இது. அவர் சுவரொட்டியைப் பார்த்து வந்திருந்தார்.

"உங்கள் வாதம் பிடித்திருந்தது, நம்பத்தான் முடியவில்லை," என்றார் நேராகவே. "என் அப்பா அப்படிப் பாட்டெழுதியவர். இன்று மாலை எங்களுக்கு ஓய்வுநாள் தொடங்குகிறது, சமைக்கப் போகவேண்டும். பத்து நிமிடம் தருவீர்களா?"

தந்தேன். அவர் சொன்ன கதை இதுதான்.

அவருடைய அப்பா மொராக்கோவில் மெக்னெஸ் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த யூதர். அறுபதுகளில் குடும்பத்தோடு மாண்ட்ரியலுக்கு வந்தவர். ஓய்வுநாள் காலைகளில் தொழுகைக் கூடத்தில் பாடுவதற்கு எபிரேயத்தில் பாட்டுக் கட்டுவார். காகிதத்தில் எழுத மாட்டார். அவற்றில் ஒன்று ஐந்து சரணம் கொண்டது. ஒவ்வொரு சரணமும் ‘லோ அனி’ என்ற இரண்டு சொற்களில் முடியும். ‘அனி’ என்றால் நான். ‘லோ’ என்ற ஓசைக்கு எபிரேயத்தில் இரண்டு எழுத்து உண்டு. அலெஃப் என்ற எழுத்தோடு எழுதினால் ‘அல்ல’. வாவ் என்ற எழுத்தோடு எழுதினால் ‘அவனுக்கு’. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே அந்தச் சொற்களுக்கு ‘நான் அல்ல’ என்றும் பொருள் சொல்லலாம், ‘நான் அவனுக்கு உரியவன்’ என்றும் பொருள் சொல்லலாம்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கல்லறைக் கல்லில் அந்தப் பாட்டின் கடைசி வரியைச் செதுக்கவேண்டும் என்பதில் பிள்ளைகள் மூவருக்கும் ஒரே கருத்து. எந்த எழுத்து என்பதில்தான் தகராறு. மூத்தவர் ஆர்மோன் அலெஃப் என்கிறார். இளையவர் மொரிஸ் வாவ் என்கிறார். கல்லில் பெயரும் தேதியும் மட்டும் இருக்கின்றன. கீழே மெருகேற்றிய வெற்றிடம்.

"இரண்டு பேரும் ஆறு வருடமாகச் சேர்ந்து நின்று அப்பாவுக்காக வேண்டிக்கொண்டதில்லை," என்றார் சொலாஞ்ச். "அந்த வேண்டுதலுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். எங்கள் அப்பாவுக்கு மட்டும் இருபது பேர். காலையில் அண்ணனின் பத்து, மதியம் தம்பியின் பத்து."

திங்கட்கிழமை அப்பாவின் நினைவு நாள். நம் திதி போலவே அவர்களும் தங்கள் மாதக் கணக்குப்படி நினைவு நாள் பார்க்கிறார்கள். ஜூலையில் ஆர்மோன் மகளோடு வசிக்க பிரான்சுக்குப் போகிறார். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அதற்குள் கல் முடியவேண்டும். ஊர் ரப்பிகள், அதாவது யூத குருமார், யார் தீர்ப்புச் சொன்னாலும் தோற்கிற பிள்ளை மற்றவரிடம் ‘அவர் உன் ஆள்’ என்கிறார்.

"நீங்கள் யாருடைய ஆளும் இல்லை. எபிரேயம் தெரியும். செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போய்விடுவீர்கள். நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக இருவரையும் ஒப்புக்கொள்ள வைக்கிறேன்."

இந்த மாதிரி அழைப்பை மறுக்கும் குணம் எனக்கில்லை. சரி என்றேன். உண்மையில் அங்கேயே தீர்ப்பும் என்னிடம் தயாராக இருந்தது. அறியாமையைப் பாடுகிற பாட்டில் ‘அல்ல’ என்பதுதானே பொருந்தும்? அலெஃப்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், எனக்கும் ஓய்வு. கௌரியோடு கடைக்குப் போய் வந்தேன். வீட்டில் முருங்கைக்காய்க் கறியும் இடியப்பமும் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சொலாஞ்ச் சின்னக் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஆர்மோன் இருப்பது கோட் செயின்ட் லூக் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடி. எழுபதை நெருங்கும் நெடிய மனிதர், டை கட்டி, வழக்கறிஞர் போலத் தோரணையாக வரவேற்றார். கணக்காளராக இருந்தவர். அறையின் ஒரு பக்கம் அட்டைப் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. வெள்ளி போன்ற கூஜாவைத் தலைக்கு மேல் தூக்கி, சின்னக் கண்ணாடித் தம்ளரில் புதினா தேநீரை ஊற்றினார். மதுரை டீ மாஸ்டர்கள் ஆற்றுவதுபோல் நீளமான ஒழுக்கு, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பாட்டை எனக்குச் சொல்லச் சொன்னேன். பாடவில்லை, வரிவரியாகச் சொன்னார். துணி வியாபாரியின் பாட்டுதான் அது. ஊருக்கெல்லாம் முழம் போட்டேன், என் நீளம் அறியேன் என்கிறது ஒரு சரணம். சாயம் போகாது என்று சத்தியம் செய்து விற்றேன், என் சாயம் எது என்று அறியேன் என்கிறது இன்னொன்று. கடைசிச் சரணத்தில் உலகச் சந்தை கலைகிற நாள் வருகிறது. கவிஞனையே ஒரு துணியாக விரித்துப் பிடித்து, ‘நெய்தது யார்?’ என்று கேட்கிறார்கள். லோ அனி.

நான் படித்த எத்தனையோ பழைய பாட்டுகளின் பக்கத்தில் இதைக் கூசாமல் வைக்கலாம்.

"இதில் சந்தேகத்துக்கே இடமில்லை," என்றார் ஆர்மோன். "அப்பா பாடி முடித்ததும் யாராவது வந்து, பிரமாதம், யார் கட்டியது என்று கேட்பார்கள். அப்பா ஒரு விரலை உயர்த்தி ‘லோ அனி’ என்பார். நான் அல்ல! கூடமே சிரிக்கும். நான் அவர் பக்கத்தில் நின்ற பிள்ளை. முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா பெருமை பாராட்டாத மனிதர். அவ்வளவுதான் அந்தப் பாட்டு."

"எனக்கும் அப்படித்தான் படுகிறது," என்று சொல்லிவிட்டேன்.

ஆர்மோன் முகம் மலர்ந்தது. சொலாஞ்ச் மட்டும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் ஒருவரைக் கேட்கவேண்டும்," என்றார்.

மொரிஸ் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய் நகரத்தில். சொலாஞ்ச் என்னை மெட்ரோ நிலையத்தில் இறக்கிவிட்டார். அண்ணன் வீட்டிலிருந்து நேராக அவரும் கூட வந்தால், தீர்ப்பை அங்கேயே முடித்துக்கொண்டு வந்ததாக மொரிஸ் நினைப்பாராம். பயணச்சீட்டு இரண்டே முக்கால் டாலர். பெரி நிலையத்தில் மஞ்சள் பாதைக்கு மாறினேன். வண்டி செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு அடியில் போகிறது. அத்தனை பெரிய ஆற்றைக் கண்ணால் பார்க்காமலே கடந்து அக்கரையில் ஏறிவிட்டேன்.

நிலையத்திலிருந்து டாக்சி. ஓட்டுநர் ஹெய்ட்டி நாட்டுக்காரர். நான் எழுதி வைத்திருந்த முகவரியைப் பார்த்துவிட்டு, "வயதான அப்பாவை வைத்துக் கவனித்துக்கொண்ட மொரிஸ் ஐயா வீடுதானே?" என்றார். என் திகைப்பைக் கண்டு விளக்கினார். "அவர் அப்பாவை வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். பாட்டுப் பாடிக்கொண்டே வருவார். என் பெயர் கேட்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பார்."

மொரிஸ் குள்ளமானவர், பருமன். கட்டைக்குரல். மின்பொறியாளர். ஓட்டு வீடு மாதிரித் தாழ்ந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தேநீர் கொடுத்தார், ஆனால் அண்ணன் மாதிரி உயரத்திலிருந்து ஊற்றவில்லை. நான் உட்கார்ந்ததுமே, "ஆர்மோன் விரலை உயர்த்திக் காட்டினாரா?" என்று கேட்டார்.

"காட்டினார்."

"அது உண்மைதான். நானும் பார்த்திருக்கிறேன். அது சபைக்கு முன்னால். சபை இல்லாத இடத்தில் அப்பாவைப் பார்த்தவன் நான் மட்டும்தான்."

கடைசி இரண்டு வருடம் அப்பா அவரோடு இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார். நினைவு ஒவ்வொன்றாகப் போனது. முதலில் ஆங்கிலம், அப்புறம் பிரெஞ்சு. தெருக்களின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர், செத்துப்போன மனைவி செத்துவிட்டாள் என்பது, எல்லாம் போனது.

"காலையில் சட்டை போட்டுவிடுவேன். ‘நீ யார்?’ என்று கேட்பார். உங்கள் பிள்ளை என்பேன். நல்லது என்று தலையாட்டுவார். பிறகு தன் கையைத் தானே தொட்டுப் பார்த்து, ‘அப்படியானால் இது யாருடையது?’ என்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அவரே ‘லோ அனி’ என்பார். சொன்னதும் பயம் போய்விடும். சட்டைப் பொத்தானைப் போடவிடுவார்."

மொரிஸ் தன் பெரிய கைகளை மேசைமேல் விரித்தார்.

"தன் பெயரே தெரியாத மனிதர், அம்மா. அவர் அடக்கம் காட்டவில்லை. அதற்கு எதிரில் யாராவது இருக்கவேண்டாமா? எல்லாம் போன பிறகு, போகாமல் ஒன்று மிச்சம் இருந்தது. யாருடையவன் என்பது. அவனுக்கு உரியவன். வாவ்."

என் கட்டுரையில் அவையடக்கம் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவை இல்லாத இடத்து அடக்கம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதை ஒரு வரியிலும் யோசிக்கவில்லை. அறியாமை ஒரு மனிதருக்குள் உண்மையாகவே இறங்கி, அவர் கட்டிய சொல்லே அவரைத் தாங்கிப் பிடித்தது என்றால், அதை மரபு என்று எப்படிச் சொல்வது? அதே சமயம் ஆர்மோன் பார்த்ததும் பொய்யில்லை. கட்டிய நாளில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டுதான் கட்டியிருப்பார்.

திரும்பும்போது மெட்ரோவில் இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘நெய்தது யார்? நான் அல்லேன்.’ நன்றாக இருந்தது. ‘நெய்தது யார்? நான் அவன் பொருள்.’ அதுவும் நன்றாக இருந்தது. தமிழில் ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும்.

அன்று சாயங்காலம் பியர்பொன்ட்ஸில் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன். கௌரி கறிச் சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நீங்கள் எந்தப் பக்கம் ரீச்சர்?"

"வெள்ளிக்கிழமை அண்ணன் பக்கம். இன்னைக்கு மத்தியானம் தம்பி பக்கம். இப்ப எந்தப் பக்கமும் இல்லை."

"அப்ப நாளைக்குப் போய் என்னத்தைக் கதைக்கிறது?"

நேசன் இடியப்பத்தைப் பிய்த்தபடி, "ஏதாவது ஒண்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ," என்றார். "செவ்வாய்க்கிழமை நீங்கள் பிளேனிலை. ஆர் உங்களைத் தேடி மதுரைக்கு வரப்போயினம்?"

"இஞ்சருங்கோ, அது கல்லிலை வெட்டுற விசயம்," என்றார் கௌரி. "பேந்து அழிக்கேலாது."

"வெட்டாமல் ஆறு வருசம் கிடந்தது மட்டும் நல்லதோ?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதுதான் சங்கடம். அலெஃப் என்று சொல்லிவிட என்னிடம் காரணங்கள் இருந்தன. அரங்கில் கைதட்டு வாங்கிய காரணங்கள். மொரிஸ் ஒப்புக்கொள்வார், வாக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் கல்லில் உளி விழும். அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு வருடமும் அந்தக் கல்லின் முன் நின்று, தன் கையில் இறந்த அப்பாவை யாரோ ஒரு இந்தியக்காரி திருத்தி எழுதியதை வாசிக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை வானம் தெளிந்திருந்தது. கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. பனி உருகிய ஈரம் புல்லில் இன்னும் இருந்தது. ஒவ்வொரு கல்லின் தலையிலும் சின்னச் சின்னக் கூழாங்கற்கள். பூ வைப்பதில்லை. வந்து போனவர்கள் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். அண்ணனின் ஆட்களும் தம்பியின் ஆட்களும் முதல்முறையாக ஒரே நேரத்தில் வந்து, கலியாணத்தில் சம்பந்திகள் மாதிரி தனித்தனியாக நின்றார்கள். ஆர்மோன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தீர்ப்பு தெரியும். மொரிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அண்ணன் முகத்திலிருந்து தெரிந்துவிட்டது.

கறுப்பு கிரானைட் கல். பெயர், தேதி, கீழே வெற்றிடம். அதில் வானமும் எங்கள் கால்களும் தெரிந்தன.

"சொல்லுங்கள் ஜெயமணி," என்றார் சொலாஞ்ச்.

"முதலில் பாட்டை முழுதாகக் கேட்கவேண்டும்," என்றேன். "நேற்று எனக்குச் சொல்லித்தான் காட்டினீர்கள். பாடவில்லை."

சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஆர்மோன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மெல்லிய, சற்று நடுங்குகிற குரல். நம் காதுக்கு அந்நியமாக இல்லாத வளைவுகள் அந்த மெட்டில் இருந்தன. முதல் சரணம் முடிகிற இடத்தில் உயரம் எட்டவில்லை. குரல் உடைந்தது. மொரிஸின் கட்டைக்குரல் கீழேயிருந்து வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. லோ அனி.

அதற்கப்புறம் சேர்ந்தே பாடினார்கள். சாயம், முழம், கத்தரிக்கோல், சந்தை. ஐந்து முறை அந்த இரண்டு சொற்களும் வந்தன. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒருவர் அலெஃப் பாடினார், ஒருவர் வாவ் பாடினார். கேட்டது ஒரே ஒரு குரல்.

முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

ஆர்மோன் முகம் சிவந்தது. "நேற்று என் வீட்டில் வேறு சொன்னீர்களே! பதினெட்டு வருடம் படித்ததாகச் சொன்னீர்களே!"

"நேற்று பாதிதான் கேட்டிருந்தேன். பதினெட்டு வருடம் படித்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது, ஐயா. இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. யாப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. உங்கள் அப்பா சபையில் சொன்னதும் உண்மை, இவர் வீட்டில் சொன்னதும் உண்மை. அவர் மனதில் எந்த எழுத்து இருந்தது என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது. இதை நான் மிக உறுதியாகச் சொல்கிறேன்."

என் குரல் தடுமாறவில்லை. நான் அரங்குகளில் எத்தனையோ முடிவுகளை உரக்கச் சொல்லியிருக்கிறேன். எதையும் இவ்வளவு நிச்சயத்தோடு சொன்னதில்லை. ஒருவேளை அந்தப் பழைய கவிஞர்களில் சிலரும் இப்படித்தான் சொன்னார்களோ, கெஞ்சியல்ல, நிமிர்ந்து நின்று, என்று அப்போது தோன்றியது.

சொலாஞ்ச் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. சிரிப்புதான்.

மொரிஸ் அண்ணனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஆறு வருடத்தில் முதல் பேச்சு. சொலாஞ்ச் என் காதில் மொழிபெயர்த்தார்.

"‘நெய்தது யார்?’ வரைக்கும் வெட்டுவோம். அந்த இரண்டு சொல்லும் வேண்டாம்."

"அப்பாவுக்கு அரைகுறைக் கல்லா?" என்றார் ஆர்மோன்.

"வருகிறவர்கள் பாடி முடிக்கட்டும்."

"யார் வருவார்கள்? நான் பிரான்சில் இருப்பேன்."

"நான் வருவேன்."

"வந்து உன் லோவைப் பாடுவாய்."

"ஆமாம். நீ வரும்போது உன்னுடையதைப் பாடு. அப்பாவுக்கு வித்தியாசம் கேட்கவா போகிறது?"

ஆர்மோன் குனிந்து அந்த வெற்றிடத்தை விரலால் தடவினார். பிறகு "பொன்," என்றார். சரி என்று அர்த்தம். கோட்டுப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். மொரிஸ் எதுவும் கொண்டு வரவில்லை போல. பைகளைத் தடவினார். ஆர்மோன் இன்னொரு கல்லை எடுத்து அவரிடம் நீட்டினார். அதன்பின் ஆண்கள் எல்லோரும் ஒன்றாக நின்று அந்த வேண்டுதலைச் சொன்னார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மதியம் சொலாஞ்ச் வீட்டில் கேரட்டும் சீரகமும் போட்ட சாலட்டை எனக்கு யார் பரிமாறுவது என்பதற்கே சகோதரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அப்பாவை நீ லொங்குய்யில் ஒளித்துவைத்தாய் என்று ஒருவர். நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தாய் என்று மற்றவர். ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டார்கள். தேநீர் ஊற்றும் நேரம் வந்தபோது மொரிஸ் கூஜாவை அண்ணன் பக்கம் நகர்த்தினார். நடுவில் சொலாஞ்ச் கல் செதுக்குபவருக்குப் போன் செய்து வரியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவர் மறுமுனையில், வரி முடியவில்லையே, மிச்சம் எங்கே என்று கேட்டாராம். மிச்சம் வராது என்று சொல்லிவிட்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை நேசனும் கௌரியும் என்னை விமான நிலையத்தில் விட்டார்கள். "போயிட்டு வாங்கோ ரீச்சர். அடுத்த முறை நல்ல தடிச்ச கோட்டா வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றார் கௌரி. விமானத்தில் என் கட்டுரையை எடுத்து, அவையடக்கம் பற்றிய பகுதியின் ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள் எழுதினேன். வாதம் தப்பில்லை, பாதிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மற்ற பாதியை எழுத எனக்குத் தெம்பு இருக்கிறது.

ஜூன் மாதம் ஊருக்குப் போனபோது, பாளையங்கோட்டையில் எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் போனேன். கல்லில் இடமே இல்லை. பெயர், படிப்பு, வேலை பார்த்த பள்ளிகள், பெற்ற விருது, எல்லாம் நிறைந்திருக்கிறது. வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான். வெயிலில் நின்று அதை முழுக்கப் படித்தேன். அப்பா காலையில் முகச்சவரம் செய்யும்போது ஏதோ ஒரு ஞானப்பாட்டை முணுமுணுப்பாரே, அது எது என்று யோசித்தேன். பிடிபடவில்லை.

அங்கிருந்தே கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் உடனே ஒரு பாட்டைச் சொன்னான். இல்லவே இல்லை, அது அவர் சபையில் பாடுவது என்றேன். "உனக்கு என்னக்கா தெரியும், நீ ஹாஸ்டல்ல இருந்தே," என்று அவன் குரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். போனில் காசு தீரும்வரை சண்டை போட்டோம். அப்பா போன பிறகு நாங்கள் இருவரும் அவரைப் பற்றி அத்தனை நேரம் பேசியது அன்றைக்குத்தான்.